தவறணையும் பள்ளிக்கூடமும்

கொழும்பிலிருந்து வரும் பெருவீதி பெரகலைச் சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளையை நோக்கி ஏறுகின்றது. மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவை நோக்கி இறங்குகின்றது. ஒவ்வோர் ஆண்டும் நம் தோட்டப்புறத்துப் பிள்ளைகள் சிலர், தகரப்பெட்டிக்குப் பதிலாக இன்று தோட்பையைச் சுமந்துகொண்டு, இந்தச் சந்தியிலேதான் பல்கலைக்கழகம் செல்லும் பேருந்துக்காகக் காத்து நிற்கின்றனர். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன தாயின் கை அவர்களுடைய தலையைத் தடவுகின்றது. வழியனுப்ப வந்த ஆசிரியர்களாகிய நாமும் நெஞ்சு நிமிர்ந்து நிற்கின்றோம்.

அப்படி நான் வழியனுப்பிய மாணவன் ஒருவன் மூன்றாம் ஆண்டில் பட்டமின்றித் திரும்பி வந்தான். குடியில் தொடங்கி, கஞ்சாவுக்கும் மாத்திரைக்கும் சென்று, பரீட்சை மண்டபத்தை மறந்து, விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டு வந்தான். அவன் வந்த செய்தி லயத்துக்கு லயம் பரவிற்று. என் செவியில் விழுந்த பேச்சுக்களுள் ஒன்று இன்றுவரை என்னை விட்டகலவில்லை: "தோட்டத்து இரத்தம் அல்லவா? எங்கே போனாலும் போத்தலைத்தான் தேடும்." இதைச் சொன்னவர் வெளியார் அல்லர்; நம்மவர், படித்தவர்.

இந்தப் பேச்சை வரலாற்றின்முன் நிறுத்தி விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். குடி நம் இரத்தத்தில் இருந்ததா? அல்லது எவரேனும் கொண்டுவந்து நம் வாசலில் வைத்தனரா? இக்கேள்விக்கு விடை காணாமல், பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகளைப் போதையிலிருந்து காக்கும் வழியைக் காணவியலாது.

தமிழர் பண்டு தொட்டுக் கள்ளை அறிந்தவர்தாம். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுக் கையறுநிலைப் பாடலிலே அவன் கள்ளைப் பகிர்ந்தளித்த பண்பு நினைவுகூரப்படுகின்றது. அங்கே கள் விருந்தின் ஒரு பகுதி. பிறிதொருவனுடைய வருவாய் அன்று. பிற்காலத்தே வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். அவ்வதிகாரம் அமைந்துள்ள இடத்தை நாம் ஊன்றி நோக்கவேண்டும். புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்த வள்ளுவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் இடையே வைத்தார். அரசும் பொருளும் பேசப்படும் பகுதி அது. குடியை ஒருவனுடைய தனிப்பட்ட ஒழுக்கக்கேடாக மட்டும் அவர் கருதவில்லை போலும்! நாட்டின் பொருளியலோடும் ஆட்சியோடும் சேர்த்து எண்ணவேண்டிய ஒன்றாகவே அதனைக் கண்டார் என்று நான் கொள்கின்றேன். மலையகத்தின் வரலாறு அந்த வைப்புமுறைக்கு ஓர் உரைபோல அமைந்திருக்கின்றது.

இலங்கையிற் சாராயக் குத்தகை என்னும் முறை ஒல்லாந்தர் காலத்திலேயே இருந்தது. ஆங்கிலேயர் அதனை ஏற்று விரித்தனர். ஒரு பகுதியிலே சாராயம் விற்கும் ஏகபோக உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விடும். அதிக விலை கேட்டவன் குத்தகைக்காரன் ஆவான். அவன் கரையோரத் தென்னந்தோப்புகளை அடுத்துக் காய்ச்சி வடிக்கப்பட்ட சாராயத்தை வாங்கி, தன் பகுதிக்குட்பட்ட தவறணைகளின் மூலம் விற்பான். குத்தகைப் பணத்தை அரசாங்கத்துக்குத் தவணைதோறும் செலுத்த வேண்டும். குடிப்பவர் தொகை குறைந்தால் அவனுக்கு நட்டம், பெருகினால் இலாபம். அடுத்த ஏலத்திலே கேள்வி உயர்ந்தால் அரசாங்கத்துக்கு இலாபம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசிறையின் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய தொகை இவ்வழியாகக் கிடைத்தது. மக்கள் குடிப்பதிலே அரசும் குத்தகைக்காரனும் கூட்டுப் பங்காளிகளாயினர் என்பது இதனால் வெள்ளிடைமலையாகும்.

இதே காலத்திலேதான் மலைநாட்டுக் காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. தென்னிந்தியாவின் வறண்ட ஊர்களிலிருந்து நம் முன்னோர் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டவர் எத்தனையோ பேர். எஞ்சியோர் கோப்பித் தோட்டங்களிலே குடியேறினர். 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் நம் அப்புத்தளையை அடுத்த தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கினார். 1893இல் புகையிரதம் அப்புத்தளையை அடைந்தது. 1924இற் பதுளையை அடைந்தது.

ஆள்கள் குவிந்த இடத்துக்குக் குத்தகைக்காரனும் வந்தான். கரையோரத்துச் சாராயம் மாட்டுவண்டியேறி மலைநாட்டுக்கு வந்து சேர்ந்தது. சாராயக் குத்தகையிலே திரண்ட பணம் பின்னர் அதே மலையிலே நிலமாகவும் மாறியது. மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் சொய்சாவின் குடும்பம் இதற்குச் சான்று. ஹங்குராங்கெத்தையில் முன்னர் அரச தோட்டமாயிருந்த நிலத்தை 1837இல் வாங்கிக் கோப்பி பயிரிட்ட அவர், சாராயக் குத்தகையிலும் பெரும்பொருள் ஈட்டினார். தோட்டத்தில் உழைப்பை விற்றவன், கடைவீதியில் அந்த உழைப்பின் கூலியைக் கொடுத்து மயக்கத்தை வாங்கினான். இரு துறையிலும் இலாபம் ஒரே வர்க்கத்தின் பெட்டியில் விழுந்தது.

தொழிலாளி ஏன் வாங்கினான்? பிரடெரிக் எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட, இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைபற்றிய நூலில் இக்கேள்வியைத்தான் எழுப்பினார். நாள் முழுதும் உழைத்து, காற்றுப்புகா அறைக்குத் திரும்பும் மனிதனுக்குத் தவறணையைத் தவிர வேறு எந்த இன்பத்தைச் சமுதாயம் விட்டுவைத்தது என்பதே அவர் வாதத்தின் சாரம். மான்செஸ்டர் நகரத்துக்குச் சொன்னது நம் லயங்களுக்கு முற்றும் பொருந்தும். ஓர் அறையும் ஒரு திண்ணையும் கொண்ட வீட்டில் ஒரு குடும்பம், விடியுமுன் பிரட்டுக்களம், மழையிலும் பனியிலும் மலைச்சரிவில் வேலை. கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக நின்றது. அக்கடன் 'துண்டு' என்னும் சீட்டில் எழுதப்பட்டு, ஆளும் கடனும் ஒருங்கே தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்ட கொடுமை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் தடுக்கப்படும்வரை நீடித்தது. இத்தகைய வாழ்விலே சம்பள நாள் மாலை ஒன்றுதான் மனிதனுக்குத் தன்னுடையதாகத் தோன்றியது. அந்த மாலையையும் தவறணை விழுங்கிற்று. சுமையைத் தாங்கியவள் மனைவி.

ஆகவே, குடி இரத்தத்தில் வந்ததன்று; ஏலத்தில் வந்தது.

இனி, அதனை எதிர்த்தோர் கதையைக் காண்போம். 1904ஆம் ஆண்டளவில் கீழ்நாட்டுச் சிங்களக் கிராமங்களிலே மதுவிலக்குச் சங்கங்கள் எழுந்தன. மக்கள் கூட்டங்கூட்டமாக உறுதிமொழி எடுத்தனர், தவறணைகள் வெறிச்சோடின. வருவாய் குறைவதைக் கண்ட அரசாங்கம், கிராமத் தலைமைக்காரர் இச்சங்கங்களிற் சேர்வதைத் தடுக்க முற்பட்டது. 1912இல் புதிய மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. பழைய குத்தகைமுறை ஒழிந்தது. ஆனால் கள்ளையும் சாராயத்தையும் பிரித்து, ஆயிரத்தைத் தாண்டிய கள்ளுத் தவறணைகளைத் திறக்கும் திட்டம் அதனோடு வந்தது. மக்கள் கொதித்தெழுந்தனர். டீ. பீ. ஜயதிலக்க, எப். ஆர். சேனாநாயக்க, டீ. எஸ். சேனாநாயக்க முதலியோர் இவ்வியக்கத்தின் மேடையிலேதான் பொதுவாழ்வுக்கு வந்தனர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டு, மதுவிலக்குத் தலைவர்கள் சிறையில் இடப்பட்டனர். அவர்களுக்காகச் சட்டநிரூபண சபையில் முழங்கி, உலகப் போரின் நடுவே கடல்கடந்து இலண்டன் சென்று நீதி கேட்டவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்னும் தமிழர்.

இவ்வியக்கத்தால் மூடப்பட்ட தவறணைகளின் தொகையைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. கூட்டம் கூடவும், தீர்மானம் நிறைவேற்றவும், அதிகாரிமுன் அஞ்சாது நிற்கவும் கிராமத்தான் அதிற் கற்றுக்கொண்டான். குடியைத் துறப்பது அவனுக்கு அவமானத்தின் தண்டனையாக இருக்கவில்லை. சுயமரியாதையின் முதற்படியாக இருந்தது. அவன் தனித்து நிற்கவில்லை. ஊர் அவனோடு நின்றது.

அந்த இயக்கம் ஏன் மலையேறவில்லை? தோட்டம் துரையின் தனிச்சொத்து. வெளியார் அனுமதியின்றி நுழைந்தால் அத்துமீறல். மேலும், தோட்டத் தமிழனைத் தம் தேசத்தவனாகக் கருதும் உள்ளம் அம்மேடைகளிற் பலருக்கு இருக்கவில்லை. மதுவிலக்கு மேடையில் வளர்ந்த டீ. எஸ். சேனாநாயக்க சுதந்திர இலங்கையின் முதற் பிரதமரானார். அவருடைய அரசாங்கமே 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம்மவரை நாடற்றவராக்கிற்று. கீழ்நாட்டுக்கு மதுவும் வந்தது, மதுவை எதிர்க்கும் இயக்கமும் வந்தது. நமக்கோ மது மட்டும் வந்தது.

முயன்றவர் எவரும் இலர் என்று சொல்வது நன்றிகொன்ற செயலாகும். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர், புடைவை வியாபாரிபோல் வேடம்பூண்டு தோட்டங்களுக்குள் நுழைந்தார் எனச் சொல்லப்படுகின்றது. 1931இல் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிலே பாடித் தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது மலைநாட்டுக்கும் வந்தார். நம் பதுளைக்கும் வந்தார். குடியை விட்டொழிக்குமாறு தோட்டத் தொழிலாளரை அவர் வேண்டினார். அந்தப் பயணத்தில் அவரை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் யார் தெரியுமா? மாணவர்கள்! பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற மாணவர் காங்கிரசே அவ்வழைப்பை விடுத்தது. அதன் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் ஓர் ஆசிரியர். மாணவன் காப்பாற்றப்பட வேண்டியவன் என்றே இன்று நாம் பேசுகின்றோம். நாட்டைக் காப்பாற்றப் புறப்பட்டவனும் அவனே என்பதை அந்த ஆண்டு நமக்கு நினைவூட்டுகின்றது.

இந்த வரலாற்றிற் பள்ளிக்கூடத்தின் இடம் யாது? இலவசக் கல்வி 1945இல் இலங்கைக்கு வந்தது. தோட்டப் பள்ளிகளோ அதன் முழுப்பயனுக்கும் வெளியே நின்றன. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையானபின், 1970களின் பிற்பகுதியிலிருந்தே அப்பள்ளிகள் படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. நம் மாகாணத்துக்கெனப் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது 2005ஆம் ஆண்டில். தவறணை மலையேறி நூற்றாண்டுக்கு மேலான பின்னரே முறையான பள்ளிக்கூடம் மலையேறிற்று. அந்தப் பள்ளிக்கூடத்தின் முதல் விளைச்சலே இன்று பல்கலைக்கழகம் புகும் நம் பிள்ளைகள். அவர்களில் ஒருவன் வீழ்ந்தால் ஒரு மனிதன் மட்டுமா வீழ்கின்றான்? மூன்று தலைமுறை காத்திருந்த ஒரு குடும்பத்தின் விளக்கு அணைகின்றது.

பல்கலைக்கழகத்தில் அவன் எவ்வாறு வீழ்கின்றான் என்பதை நான் சிறிது அறிவேன். நான் விடுதி புகுந்த முதல் வாரத்தில், மூத்த மாணவர் சிலர் ஒரு போத்தலை நடுவில் வைத்துப் புதியவர்களைச் சுற்றி அமர்த்தினர். "குடிக்காதவன் நம்மவன் அல்லன்" என்றார் ஒருவர். மொழி புரியாத ஊர், நண்பரில்லாத விடுதி, லயத்திலிருந்து வந்தவன் என்ற தாழ்வுணர்ச்சி. மறுக்கத் துணிவின்றி நானும் குடித்தேன். என் தந்தையின் வாயில் நான் வெறுத்த அதே நாற்றம் என் வாயில் வந்ததை எண்ணி அன்றிரவு உறங்காதிருந்தேன். மறுநாள் லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த மூத்த மாணவர் ஒருவர் என்னைத் தம் அறைக்கு அழைத்துச் சென்று தேநீர் கொடுத்தார். "தம்பி, இனி மாலையில் இங்கே வந்து படி. யாராவது கேட்டால் அண்ணன் கூப்பிட்டார் என்று சொல்" என்றார். அவ்வளவுதான். அறிவுரை ஒன்றும் கூறவில்லை. அந்த ஓர் அறைதான் எனக்கு மதுவிலக்குச் சங்கமாயிற்று. திரும்பி வந்த என் மாணவனுக்கு அத்தகைய அறையொன்று கிடைக்கவில்லை. எனக்கும் அவனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே, இரத்தம் அன்று.

தோழமையின் பெயரால் முதற்கோப்பை வருகின்றது. பகிடிவதையின் அச்சம் அதனை உதட்டுவரை உயர்த்துகின்றது. பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. ஆயினும் அது முற்றாக ஒழிந்துவிடவில்லை. பின்னர் பரீட்சை அச்சம், பணமுடை, ஆங்கிலம் புரியாத விரிவுரை ஆகியவை தொடருகின்றன. பழகிய உடலும் மூளையும் முன்னிலும் அதிகமாகக் கேட்கத் தொடங்குகின்றன. நிறுத்தினால் நடுக்கமும் உறக்கமின்மையும் மனச்சோர்வும் வருகின்றன. இந்நிலையை மருத்துவம் நோய் என்றே வகுத்துள்ளது. நோயாளியிடம் "உனக்கு மனவுறுதி இல்லை" என்று சொல்வதால் நோய் தீருமா?

சட்டங்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டுக்குரியது. 1984இல் அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுத் தேசிய சபை அமைந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் மதுவிளம்பரத்தைத் தடுத்து, இருபத்தொரு வயதுக்குட்பட்டோர்க்கு மதுவும் புகையிலையும் விற்பதைக் குற்றமாக்கிற்று. முதலாண்டு மாணவர் பலர் அவ்வயதை எட்டாதவர் என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். 'ஐஸ்' என்னும் புதிய நஞ்சு பரவியபின், 2022இல் அதற்கும் கடுந்தண்டனை வகுக்கப்பட்டது. அமெரிக்கா 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவைத் தடைசெய்து பார்த்தது. கள்ளக்கடத்தற்காரன் கொழுத்ததே கண்ட பலன். தண்டனை வேண்டாம் என்பது என் கருத்தன்று. தண்டனை விற்பவனைத் தேடிச் செல்லட்டும். வீழ்ந்த மாணவனைத் தேடி மருத்துவம் செல்லட்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டம், போதைக்கு ஆட்பட்டோர் தாமாகவே முன்வந்து சிகிச்சை பெறவும் வழிசெய்திருக்கின்றது. அவ்வழியை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? அறிந்தாலும், பெயர் வெளிப்பட்டால் விடுதியும் படிப்பும் போய்விடும் என்ற அச்சம் அவனை மறைந்துகொள்ளச் செய்கின்றது. மறைந்தவனை நோய் முழுதாக விழுங்குகின்றது.

வரலாறு நமக்குக் காட்டும் வழி யாது? குடியின் பின்னே இலாபம் பெறுவோன் ஒருவன் உண்டு என்பதை முதலிற் பிள்ளைகள் அறியவேண்டும். போத்தலை நீட்டும் தோழனுக்குப் பின்னால் விற்பனையாளனும் வரிவாங்கும் அரசும் நிற்பதை அறிந்த மாணவன், அதனை விடுதலையின் சின்னமாகக் கருதமாட்டான். உயர்தர வகுப்பில் வரலாறு கற்பிக்கும் நாம் சாராயக் குத்தகையையும் மதுவிலக்கு இயக்கத்தையும் பரீட்சைக் குறிப்புகளாக மட்டும் கற்பித்தால் போதாது.

ஒன்றுகூடி மறுப்பதே மறுப்பு. தனித்து மறுக்கும் சிறுவன் தோற்கின்றான். ஆதலால், இப்பகுதியிலிருந்து முன்னரே பல்கலைக்கழகம் சென்றவர்கள் புதிதாகச் செல்வோரைப் பொறுப்பேற்கும் வழக்கத்தை நாம் உண்டாக்க வேண்டும். ஒவ்வொரு விடுதியிலும் லுணுகலை அண்ணனின் அறைபோல ஓர் அறை திறந்திருக்கட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு கோப்பைத் தேநீர் போதும். நாம் பறித்த கொழுந்துதானே!

பல்கலைக்கழகங்களும் ஒன்று செய்யவேண்டும். சிகிச்சைக்கு வரும் மாணவனின் பெயரைக் காத்து, அவனுடைய இடத்தை அவனுக்கென வைத்திருக்க வேண்டும். வெளியேற்றப்பட்டவன் எங்கே போவான்? லயத்துக்கு, லயத்திலிருந்து கடைவீதிக்கு. அங்கே தவறணையின் கதவு எவரையும் வெளியேற்றுவதில்லை.

என் மாணவன் இப்பொழுது மருத்துவமனைக்கு ஒழுங்காகச் சென்று வருகின்றான். கைநடுக்கம் குறைந்திருக்கின்றது. மாலை வேளைகளில் லயத்துச் சிறுவர்க்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கின்றான். சென்ற வாரம் என்னிடம் வந்து, "சேர், திரும்பவும் எடுப்பாங்களா?" என்று மெல்லக் கேட்டான். என்னிடம் விடை இல்லை. கடிதம் எழுதியிருக்கின்றோம், காத்திருக்கின்றோம். இதற்கு விடை சொல்லவேண்டியவர்கள் பல்கலைக்கழகத்தை ஆள்வோர் மட்டுமல்லர். "தோட்டத்து இரத்தம்" என்று சொன்னவரும் சொல்லவேண்டும். கேட்டும் வாளாவிருந்த நாமும் சொல்லவேண்டும்.